கந்தகம் நாளைக்கு எவ்வளவு வேண்டும்? சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் பூண்டு ஆகாதா?

தும்பை:
முடிக்கும் மூட்டுக்கும் நல்லது என்று எம்எஸ்எம் (மெத்தில்சல்ஃபோனைல்மீத்தேன் என்ற கந்தகச் சேர்மம்) மாத்திரை விற்கிறார்கள். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு கந்தகமாம். முட்டை, இறைச்சி சாப்பிடாதவருக்குக் கந்தகம் குறையுமா? நாளைக்கு எத்தனை மில்லிகிராம் வேண்டும்? சல்ஃபா மருந்து (கிருமித் தொற்றுக்குத் தரும் ஒரு மருந்து வகை) ஒத்துக்கொள்ளாதவர் பூண்டு, வெங்காயத்தையும் விட்டுவிட வேண்டுமா?

அகல்:
கந்தகத்துக்கென்று தனித் தினசரி அளவு வகுக்கப்படவில்லை. உடல் கேட்பது கந்தகத்தைத் தாங்கிய இரண்டு அமினோ அமிலங்களை: மெத்தியோனின், சிஸ்டீன். முதலாவதை உடலால் உண்டாக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். இரண்டாவதை முதலாவதிலிருந்து செய்துகொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு இரண்டும் சேர்த்து உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. அதாவது 60 கிலோ எடைக்கு 900 மி.கி.

தோராயமாகப் போட்டுப் பாருங்கள். சோறு 300 கிராம்: 350 மி.கி. வெந்த பருப்பு 200 கிராம்: 390. பால் 250 மி.லி.: 250. இதிலேயே தாண்டிவிட்டது. பாலும் வேண்டாம் என்பவருக்கு 30 கிராம் எள் சுமார் 280 மி.கி. தரும். பருப்பில் புரதம் உண்டு, மெத்தியோனின் போதாது. தானியத்தில் மெத்தியோனின் பரவாயில்லை, லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் போதாது. ஒன்றை மட்டும் நம்பிச் சாப்பிடுபவருக்குத்தான் சிக்கல்.

எம்எஸ்எம் பற்றி: அதிலுள்ள கந்தகத்தை வைத்து மனித உடல் மெத்தியோனின் செய்யாது. ஆகவே குறையை அடைக்கும் பொருள் அது அல்ல. முழங்கால் தேய்மான வலியில் சிறிய ஆய்வுகள் லேசான பலன் காட்டின, அவ்வளவுதான். சைவ உணவுக்காரர் முதலில் பார்க்க வேண்டியது பி12. மெத்தியோனின் பயன்பட்டபின் ஹோமோசிஸ்டீன் ஆகிறது; அதைத் திரும்ப மெத்தியோனினாக்க பி12, ஃபோலேட் வேண்டும், சிஸ்டீன் பக்கம் திருப்ப பி6 வேண்டும். இவை குறைந்தால் ஹோமோசிஸ்டீன் இரத்தத்தில் தேங்கும். கந்தக மாத்திரை இதைச் சரிசெய்யாது.

பனித்துளி:
பூண்டு, வெங்காயக் கேள்விக்கு: விட வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை அந்த மருந்து மூலக்கூறின் அமைப்பால் வருவது, கந்தக அணுவால் அல்ல. கந்தகம் நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. இன்சுலினின் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிப்பதே கந்தகப் பிணைப்புதான்.

கவனிக்க வேண்டியது சல்ஃபைட், அதுவும் முக்கியமாக ஆஸ்துமா உள்ளவர்கள். உலர் பழம், ஒயின், பாட்டில் எலுமிச்சைச் சாறு ஆகியவற்றில் கெடாமலிருக்கச் சேர்ப்பது. லேபிளில் 220 முதல் 228 வரையுள்ள எண்கள். கிலோவுக்கு 10 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் குறிப்பிட வேண்டும் என்பது கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர நெறி) விதி. வயிற்று அமிலத்தில் பட்டதும் கந்தக டைஆக்சைடு கிளம்பி மூச்சுக்குழலைச் சுருக்கும். உணவிலுள்ள தயமினையும் (பி1) சல்ஃபைட் சிதைக்கும்.

தண்ணீரில் இருப்பது சல்ஃபேட், அது வேறு. அளவு மிகுந்தால் பேதியாகும்.

செங்காந்தள்:
பூண்டைச் சாப்பிடலாம் என்றாகிவிட்டது, சமைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பூண்டுக்குக் காரமும் மணமும் தரும் கந்தகப் பொருள் அல்லிசின்; முழுப் பல்லில் அது கிடையாது. நசுக்கினால் பல்லிலுள்ள அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து அது உண்டாகிறது. நசுக்கி 10 நிமிடம் வைத்து, பிறகு அடுப்பில் போடுங்கள். முழுப் பல்லைக் கொதிக்கும் எண்ணெயிலோ மைக்ரோவேவிலோ போட்டால் நொதி முதலில் செத்துவிடும். நசுக்கிய கையோடு வினிகரில் போடுவதும் தப்பு. கடும் புளிப்பில் நொதி வேலை செய்யாது.

ப்ரோக்கோலி, முட்டைக்கோசிலும் இதே கதை, நொதியின் பெயர்தான் மைரோசினேஸ். வேகவைத்தபின் ஒரு சிட்டிகை பச்சைக் கடுகுப் பொடி தூவினால் போன நொதி கடுகிலிருந்து வரும். தாளித்த கடுகு உதவாது.

தும்பை:
பூண்டு மாத்திரை?

செங்காந்தள்:
வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவரும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவரும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. சமையல் அளவுக்கு இந்தப் பயம் வேண்டாம்.