வெளியே உட்கார்ந்து வேலை பார்க்கும் இடம்: உங்கள் அனுபவம் என்ன?

கட்டட வடிவமைப்பாளர், சென்னை:
ஒரு நிறுவனத்தின் மொட்டை மாடியை ஊழியர்கள் வேலை பார்க்கும் இடமாக மாற்றும் பணி எங்களிடம் வந்தது. மாடி நிறைய மேசை போட்டு, மேசைக்கு ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் என்றார்கள். வெளியே வந்து என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்று கேட்டேன். யாரிடமும் பதில் இல்லை.

இதில் சிக்கலான ஆள் மடிக்கணினிக்காரர்தான். அலுவலக அறையில் வெளிச்சம் 500 லக்ஸ் இருந்தால் தாராளம். உச்சி வெயிலில் அது ஒரு லட்சத்தைத் தொடும். நிழலிலேயே பல ஆயிரம் இருக்கும். முதுகுப் பக்கம் வானம் தெரிந்தால் திரையில் எழுத்துக்குப் பதில் மேகம் தெரியும், எதிரே தெரிந்தால் கண் கூசும். ஆகவே மேலே கூரை, முன்னும் பின்னும் மறைப்பு, பக்கவாட்டில் மட்டும் திறப்பு. வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று நம்பி மேசை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது.

போனில் பேசுகிறவருக்கு நாற்காலியே வேண்டாம், நடந்துகொண்டே இருப்பார். கைப்பிடிச் சுவரை ஒட்டி அவருக்கு நீளமாக வழி விட்டோம். ஏசி அவுட்டோர் யூனிட்டுகள் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம். இரைச்சலும் அனலும் தாங்காது. கடைசியில் மேசைகள் ஒரு மூலைக்குள் அடங்கின. மீதி இடமெல்லாம் பெஞ்சும் நடைபாதையும்தான்.

ஊழியர், கோவை:
எங்களுக்குப் புங்கமரத்தடி. தினசரிக் கூட்டத்தை அங்கே நின்றபடியே நடத்துகிறோம். உள்ளே இருந்தால் அரை மணி நேரம் இழுக்கும் குழுத் தலைவர், வெளியே வந்தால் சுருக்கமாகப் பேசி முடித்துவிடுகிறார்! அச்செடுத்த தாளைப் படித்துத் திருத்தவும் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் பூ உதிரும் காலத்தில் கீபோர்டைத் திறந்து வைக்க முடியாது. மரத்தடியில் போட்டிருக்கும் கடப்பைக் கல் பெஞ்சும் வெயில் நகர்ந்து வந்து பட்டுவிட்டால் உட்கார உதவாது.

மின் பராமரிப்பு, சென்னை:
வடிவமைப்பாளர் மேடம் சொன்னதெல்லாம் சரி, ஆனால் மின்சாரத்தைப் பற்றி இருவருமே பேசவில்லையே. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் உள்ளே பயன்படுத்தும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செடித்தொட்டிகளுக்கு நடுவே இழுத்து வைத்திருந்தார்கள். செடிக்கு ஊற்றும் தண்ணீர் அதன் அடியில் தேங்கி நின்றது. வெளியிடத்துக்கு மூடி உள்ள, மழைத் தண்ணீர் புகாத சாக்கெட்தான் வேண்டும். அந்த மின்சுற்றுக்குத் தனியாக 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, போடச் சொல்லுங்கள். செலவு என்று யோசிப்பவர்கள் பிளக் பாயின்ட்டே வைக்காமல் விட்டுவிடலாம். எப்படியும் கோடை மதியத்தில் மடிக்கணினியை வெளியே கொண்டுவருவது சரியில்லை. தன் மடிக்கணினிகளை 35 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. சித்திரை மதியத்தில் இங்கே நிழலே அதைத் தாண்டிவிடும்.