மறு: ‘ஆங்சைட்டி-லைக் பிஹேவியர்’ – பதற்றமா, பதகளிப்பா, பதற்றச்சாயலா?

வணக்கம்.

விலங்காய்வு முடிவுகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘ஆங்சைட்டி-லைக் பிஹேவியர்’ (பதற்றம் போல் தோன்றும் நடத்தை) என்பதைப் ‘பதற்றம்’ என்று எழுதிக் கடந்துவிடுகிறார்கள். “நாள்பட்ட மன அழுத்தமும் வேதிப்பொருள் வெளிப்பாடும் எலிகளின் பதற்றத்தை அதிகரித்தன” என்கிற மாதிரி வாக்கியம் அறிவியல் கட்டுரைகளில் சாதாரணமாக வருகிறது. எனக்கு இதில் மூன்று சொற்கள் உறுத்துகின்றன. மன அழுத்தம், வெளிப்பாடு, பதற்றம் ஆகியவற்றில் பதற்றத்தை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வகத்தில் அளப்பது என்ன? கூட்டல்குறி வடிவில் ஓர் உயர்மேடை. 1985இல் பெல்லோவும் சகாக்களும் வெள்ளெலிக்குச் சரிபார்த்துக் கொடுத்த அளவு இது: கை ஒவ்வொன்றும் 50 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், எதிரெதிரான இரண்டு கைகளுக்கு 40 செ.மீ. சுவர், மற்ற இரண்டுக்குச் சுவரே இல்லை. தரையிலிருந்து 50 செ.மீ. உயரம். சுண்டெலிக்கு என்றால் கை 30 × 5 செ.மீ. போதும். எலியை நடுச்சதுரத்தில் விட்டு ஐந்து நிமிடம் பார்க்கிறார்கள். நான்கு காலும் உள்ளே போனால்தான் அது ஒரு நுழைவு. கைகளில் கழித்த மொத்த நேரத்தில் திறந்த கைகளின் பங்கு எத்தனை விழுக்காடு என்பதுதான் முதன்மையான அளவீடு. மனிதரின் பதற்றத்தைத் தணிக்கும் மருந்தான டயாசிபாம் கொடுத்தால் அந்த விழுக்காடு ஏறுகிறது. ஆகவே அது இறங்கினால் பதற்றம் என்று ஊகிக்கிறோம்.

தமிழில் பதறுவது என்றால் நடுங்குவது, ஓடுவது, அவசரப்படுவது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது அந்தப் பொருளில்தான். மேடையில் நடப்பது இதற்கு நேர்மாறு. எலி சுவருள்ள கையின் மூலையில் ஒண்டிக்கொள்கிறது. பின்னங்கால்களை நகர்த்தாமல் உடலை மட்டும் திறந்த பக்கம் நீட்டி, மோந்து பார்த்து, சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. பதற்றம் என்ற சொல்லை மட்டும் நம்பிக் காணொளியைப் பார்க்கும் மாணவர், அங்குமிங்கும் ஓடும் எலியைத்தான் பதற்றமுள்ளது என்று குறித்துவைப்பார்.

என் முன்மொழிவு: கண்ணால் கண்டதற்கு ஒரு சொல், ஊகத்துக்கு வேறொரு சொல். கண்டது ‘திறந்தகைத் தவிர்ப்பு’. திறந்தவெளிப் பெட்டி என்ற இன்னொரு சோதனையில் எலி ஓரமாகவே சுற்றுவது ‘சுவரொட்டல்’. இவற்றிலிருந்து நாம் ஊகிப்பது ‘பதற்றச்சாயல்’. ‘பதற்றம் போன்ற நடத்தை’ என்றால் பிழையில்லை, ஆனால் வேற்றுமை உருபு சேர்க்கச் சேர்க்க நீண்டுகொண்டே போகும். ‘பதற்றச்சாயலை’, ‘பதற்றச்சாயலால்’ என்பவை நாக்கில் நிற்கின்றன. கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நடத்தை மருந்தியல் பக்கமிருந்து

———

வணக்கம் அம்மா.

> எனக்கு இதில் மூன்று சொற்கள் உறுத்துகின்றன

சாயல் நல்ல சொல். இலங்கையில் உளமருத்துவ எழுத்தில் நாங்கள் ‘பதகளிப்பு’ என்றுதான் பாவிக்கிறோம். அதில் மனதின் தவிப்பு இருக்கிறது, பதறுகிற கைகால் இல்லை. ஆனால் அது மனிதருக்குரிய தவிப்பு. எலிக்கு அதை வைத்தால் நீங்கள் சொன்ன சிக்கல் இன்னும் கூடும். ஆகவே எலிக்குப் பதற்றச்சாயல், நோயாளிக்குப் பதகளிப்பு என்று பிரித்தே வைக்கலாம்.

எனக்குப் பெரிய உறுத்தல் ‘மன அழுத்தம்’. தமிழ்நாட்டு ஊடகங்களில் ‘ஸ்ட்ரெஸ்’ஸுக்கும் அதுதான், ‘டிப்ரஷன்’னுக்கும் அதுதான். இந்த ஆய்வுகளில் இரண்டையும் தனித்தனியே அளக்கிறார்கள். ஒன்று கொடுக்கப்படுவது, மற்றது விளையக்கூடியது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் காரணமும் விளைவும் ஒன்றாகிவிடும். நாங்கள் ‘நெருக்கீடு’ என்கிறோம். அதன் முன்னால் ‘மன’ வேண்டாம் என்பதற்கு ஒரு திட்டமான காரணம் உண்டு.

அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் கோரி-ஸ்லெக்டா குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு அது. தாய் எலிகளுக்குக் குடிநீரில் 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் 150 பங்கு) ஈயம், கருவுறுவதற்கு முன்பிருந்தே. சினைக்காலத்தின் 16ஆம், 17ஆம் நாட்களில் உடலை அசையவிடாமல் அடைத்துவைத்தல். ஈயம் மட்டும் பெற்ற எலிகளிடத்திலும் நெருக்கீட்டு ஹார்மோனான கார்ட்டிகோஸ்டிரோன் மாறிப்போயிருந்தது. அதாவது நெருக்கீடு தொடுகிற, அந்த ஹார்மோன் சுரப்பை ஆளும் அதே ஹைப்போதலாமஸ்–பிட்யூட்டரி–அட்ரீனல் அச்சை ஈயமும் தொடுகிறது. ஆகவே ஓர் உலோகம் உடலுக்குத் தருவதும் நெருக்கீடுதான். அதை ‘மன அழுத்தம்’ என்று எப்படி எழுதுவது?

‘நாள்பட்ட’ என்பதும் யோசிக்க வேண்டியது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழு 2002இல் செய்தது நாளுக்கு 2 மணி நேர அடைப்பு, 10 நாள். பத்து நாளை நாள்பட்டது என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. அது திரும்பத் திரும்ப வருவது, அவ்வளவுதான். ‘தொடர் நெருக்கீடு’ போதும். அந்தப் பத்து நாளில் மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸின் சிஏ3 பகுதியில் டென்ட்ரைட்டுகள் (நரம்பணுவின் கிளைகள்) சுருங்கின, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் அடிப்பக்கவாட்டுப் பகுதியில் அவை கிளைத்துப் பெருகின. பிறகு 21 நாள் ஓய்வு கொடுத்தும் அமிக்டலாப் பெருக்கமும் பதற்றச்சாயலும் போகவில்லை என்று 2004இல் எழுதினார்கள்.

இன்னொன்று கவனிக்கத்தக்கது. அதே 2002 ஆய்வில், நாளுக்கொரு விதமாகத் தொந்தரவு மாற்றிக் கொடுத்த எலிகளிடம் இந்தப் பெருக்கம் வரவில்லை. ஆகவே ‘தொடர் நெருக்கீடு’ என்று பொதுவாக எழுதி நிறுத்தாமல் ‘ஒருபடித்தான’, ‘முன்னறியாத’ என்ற அடைமொழியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். கூண்டைச் சாய்த்து வைப்பது, படுக்கையை நனைப்பது, இரவு முழுக்க விளக்கெரிப்பது என்று மாறி மாறி வருவதற்கு ‘முன்னறியாத் தொடர் நெருக்கீடு’ பொருந்தும்.

———

நண்பர்களுக்கு வணக்கம். நச்சியல் பக்கமிருந்து மூன்றாவது சொல்லுக்கு வருகிறேன்.

‘வெளிப்பாடு’ கூடாது. மரபணு வெளிப்பாடு என்று அது ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஒரே கட்டுரையில் “குளோர்பைரிபாஸ் வெளிப்பாடு சிஆர்எச் மரபணு வெளிப்பாட்டைக் கூட்டியது” என்று வந்தால் வாசகர் திணறுவார் (குளோர்பைரிபாஸ் ஒரு பூச்சிக்கொல்லி, சிஆர்எச் நெருக்கீட்டு அச்சைத் தூண்டும் ஹார்மோன்). திசையும் தலைகீழ். எலியிடமிருந்து எதுவும் வெளிப்படவில்லை, எலிதான் ஒன்றுக்கு ஆட்படுகிறது. ‘ஆட்படல்’ என்று வைப்போம். ஆய்வாளர் அளந்து கொடுப்பதை அதிலிருந்து பிரித்து ‘ஊட்டல்’ எனலாம். வளைந்த குழலை வாய்வழியே இரைப்பைக்குள் விட்டுக் கொடுப்பதற்குக் ‘குழல்வழிப் புகட்டல்’. குழந்தைக்கு மருந்து புகட்டுவதாகச் சொல்கிறோமே, அந்தப் புகட்டல்தான்.

புகட்டலைத் தனிச்சொல்லாக வைக்கச் சொல்வது அழகுக்காக அல்ல. எலியைக் கழுத்தோடு பிடித்து 21 நாள் குழல் விடுவதே ஒரு தொடர் நெருக்கீடு. வேதிப்பொருள் பெறும் கூட்டத்துக்கு மட்டும் புகட்டிவிட்டு ஒப்பீட்டுக் கூட்டத்தைச் சும்மா விட்டால், கிடைக்கும் பதற்றச்சாயல் குழலால் வந்ததா மருந்தால் வந்ததா என்று சொல்ல வழியே இல்லை. ஒப்பீட்டுக் கூட்டத்துக்கும் வெறும் சோள எண்ணெயை அதே கனஅளவில், அதே நேரத்தில், அதே கையால் புகட்டியாக வேண்டும். ‘அதே கையால்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆண்களின் மணமே எலிகளிடமும் சுண்டெலிகளிடமும் நெருக்கீட்டை உண்டாக்குகிறது என்று மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2014இல் காட்டினார்கள். பாதி நாள் ஒருவர், பாதி நாள் இன்னொருவர் என்றால் அதுவும் முடிவில் கலந்துவிடும்.

ஊட்டாமலே ஆட்படுவதும் உண்டு. அமெரிக்க மரபியலாளர் பாட்ரீஷியா ஹன்டின் ஆய்வகத்தில் 1998இல் பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் தவறான கடுஞ்சோப்பால் கழுவியதால் அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் கசிந்தது. எதுவும் கொடுக்கப்படாத சுண்டெலிகளின் சினைமுட்டைகளில் குரோமோசோம் கோளாறுகள் தெரிந்த பிறகுதான் காரணத்தைத் தேடினார்கள். 2003இல் அது வெளியானது. இதற்கு ‘அறியா ஆட்படல்’ என்று ஒரு பதிவு நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கட்டும். மங்கி வெள்ளை பூத்த கூண்டை ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதை விளக்கக் குறிப்பாகச் சேர்க்கலாம்.

சாயலுக்கு என் முழு ஆதரவு, ஒரு நிபந்தனையோடு. குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் நரம்புச் சமிக்ஞையை முடித்துவைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைத் தடுக்கின்றன. அளவு கூடினால் தசை தளர்ந்து எலி நடக்கவே மாட்டாது. அப்போதும் திறந்த கை விழுக்காடு இறங்கலாம். மூடிய கை நுழைவுகளும் சேர்ந்து குறைந்திருந்தால் அதைப் பதற்றச்சாயல் என்று எழுதக்கூடாது, ‘இயக்கக் குறைவு’ என்றே எழுத வேண்டும். வரையறையிலேயே இது இடம்பெறட்டும்.

———

இருவருக்கும் நன்றி. நெருக்கீடு, ஆட்படல், புகட்டல் மூன்றையும் ஏற்கிறேன். மூடிய கை நுழைவு பற்றிய நிபந்தனையை வரையறையின் இரண்டாம் வாக்கியமாக வைக்கிறேன்: “மூடிய கை நுழைவுகள் குறையாதபோது மட்டும்.”

இதோடு ஒட்டி இன்னொன்று. விழுக்காடு ஏறினால் என்ன எழுதுவது? ‘பதற்றம் தணிந்தது’ என்று எழுதும் ஆசை வரும். பிறந்த முதல் நான்கு நாளும் கிலோவுக்கு 1 மி.கி. குளோர்பைரிபாஸ் பெற்ற ஆண் எலிகள், வளர்ந்த பிறகு திறந்த கையில் கூடுதல் நேரம் நின்றன என்று டியூக் பல்கலைக்கழகத்தார் 2005இல் கண்டார்கள். பூச்சிக்கொல்லி எலியை நிம்மதியாக்கியது என்று இதைப் படிக்க முடியாது. விளிம்பின் ஆபத்தைப் பொருட்படுத்தாத எலியும் அங்கேதான் நிற்கும். எனவே ‘தணிப்பு’ என்பதை மருந்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்: டயாசிபாம் ‘பதற்றத் தணிப்பி’. நடத்தைக்கு ‘பதற்றச்சாயல் குறைவு’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

ஒரு சொல் இன்னும் மீதமிருக்கிறது. ஒருமுறை மேடை ஏறிய எலிக்கு, இரண்டாம் முறை ஏற்றும்போது டயாசிபாம் வகை மருந்து கொடுத்தால் திறந்த கை விழுக்காடு ஏறுவதில்லை. மருந்து பழகியதால் அல்ல, மேடை பழகியதால். ஆங்கிலத்தில் ‘ஒன்-டிரையல் டாலரன்ஸ்’ என்கிறார்கள். மருந்து ஏற்புக்குறைவோடு இது குழம்பக்கூடாது. ‘ஒருமுறைப் பழக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன், வலுவில்லை. பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை பதிவில் விளக்கமாகவே வைத்திருக்கிறேன்.