புது ஜாக்கெட், அலுமினிய சிலிண்டர்: தண்ணிக்குள்ள நிக்கேலாம கிடக்கு, ஆராவது சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், நான் முல்லைத்தீவு. ஏழு வருசமா காத்துச் சிலிண்டரோட கடலுக்குள்ள சுழியோடுறன், இரும்புச் சிலிண்டரும் 3 மில்லிமீட்டர் தடிப்பு ரப்பர்ச் சட்டையும் தாழுறதுக்கு இடுப்பில 4 கிலோ ஈயமும்தான், ஒரு பிரச்சினையும் இல்ல. இப்ப மச்சான் வெளிநாட்டால அனுப்பின புது பிசிடி (காத்தடிச்சு மிதப்பைச் சரிப்படுத்திற ஜாக்கெட்), 5 மில்லி சட்டை, அதோட அலுமினிய சிலிண்டரும் வாங்கிட்டன், எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினது என்ர பிழைதான்.

முதல் நாள் 4 கிலோவோட குதிச்சா தக்கை மாதிரி மேல நிக்கிறன், போட்டில இருந்த பெடியள் சிரிக்கிறாங்கள். 7 கிலோ கட்டினாப் பிறகு இறங்கினன், ஆனா கீழ 15 மீட்டரில சட்டை அமுங்க கல்லு மாதிரி தாழுறன், காத்தடிச்சு காத்தடிச்சே சிலிண்டர் முடியுது.

பெரிய கரைச்சல் கடைசியிலதான். காத்து முடியிற நேரம், அமுக்கம் 50 பாருக்கு வந்தோடன சிலிண்டரின்ர அடி மேல கிளம்பி, இடுப்பையும் இழுத்து, தலை கீழ போகுது. மேல வர முதல் பாதுகாப்புக்கு நிக்கிற 5 மீட்டரில மூண்டு நிமிசம் நிக்கேலாம நங்கூரக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு தொங்கினன். அலுமினியம் வெறுமையானா 2 கிலோ கிட்ட மிதக்கும் எண்டு பிறகுதான் தெரியும்.

இப்ப கேள்வி, இடுப்புப் பெல்ட்டில இருந்து 2 கிலோவைக் கழட்டி சிலிண்டரின்ர கீழ்ப் பட்டியில கட்டினா சரிவருமோ? இல்லாட்டி சிலிண்டரைக் கொஞ்சம் கீழ இறக்கிப் பூட்டிறதோ? ஈயம் எவ்வளவு எண்டு பாக்கிறதும் 50 பாரோடதானே செய்யோணும், நிறைஞ்ச சிலிண்டரோட பாத்தது பிழை போல. வாடை தொடங்க முதல் சரிப்படுத்தோணும், செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.