மூணாறு–சின்னார் பாதை: காட்டின் விளிம்பைப் படத்தில் பிடிப்பது எப்படி?

சோலைக்குருவி:
மூணாறிலிருந்து மறையூர் வழியாகச் சின்னார் வனவிலங்குச் சரணாலயம் வரை சுமார் 60 கி.மீ. அதற்குள் சோலை (உயரமலை மடிப்புகளில் வளரும் பசுமைமாறாக் குட்டைக்காடு), புல்மேடு, தேயிலை, சந்தனக்காடு, முள்காடு எல்லாம் வந்துவிடுகின்றன. இந்த மாற்றம் படத்தில் தெரிய வேண்டும். வருஷாவருஷம் அதே இடத்தில் எடுத்து ஒப்பிடவும் வேண்டும். கையில் 24-70 லென்ஸ், ட்ரைபாட், போன் ஜிபிஎஸ். எடுத்த படமெல்லாம் ஒரே பச்சையாகக் கிடக்கிறது. போன வருஷப் படமும் இந்த வருஷப் படமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவும் இல்லை. எங்கே தப்பு?

கவாத்துக்கத்தி:
இரண்டாவதை முதலில் பார்ப்போம். போன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், மரத்தடியில் இன்னும் மோசம். 10 மீட்டரில் ஒரு பாறை இருந்து, நீங்கள் 1 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், பின்னால் இருக்கும் மலையோடு ஒப்பிடும்போது பாறை ஏறக்குறைய 6 டிகிரி விலகும். 50 மி.மீ. லென்ஸில் அது படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கு. அப்புறம் எப்படிப் பொருந்தும்?

ஜிபிஎஸ் போன தடவை எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் போதும். மீதியைக் கண்ணால் செய்யுங்கள். கிட்டத்துப் பாறையின் விளிம்பு தூரத்து மலையின் எந்தப் பள்ளத்துக்கு நேராக நிற்கிறது என்று இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் சேரும் இடம் ஒன்றுதான். பழைய படத்தைப் பிரிண்ட் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு நகருங்கள். தரையிலிருந்து லென்ஸ் எத்தனை செ.மீ. உயரம் என்பதையும் எழுதி வையுங்கள்.

லென்ஸ் மாறினால் பரவாயில்லை. கோணம் நிற்கும் இடத்தால் வருவது, லென்ஸால் அல்ல. 35-ல் எடுத்ததை 24-ல் எடுத்து வெட்டிக்கொள்ளலாம். ஆனால் தேயிலைச் செடியையும் அதற்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரத்தையும் அடையாளமாக வைக்காதீர்கள். ஒன்றைக் கவாத்து வெட்டுவார்கள், மற்றதன் கிளையைக் கழிப்பார்கள். மைல்கல்லும் வேண்டாம், ரோடு அகலமானால் போய்விடும்.

உடுமலைவெயில்:
ஒரே பச்சையாக இருப்பதற்கு உச்சிவெயில்தான் காரணமாக இருக்கும். காலை 7 முதல் 9-க்குள் பக்கவெளிச்சம் விழும்போது சோலையின் தலை காலிஃபிளவர் மாதிரி முண்டும் முடிச்சுமாகத் தெரியும், தேயிலை கம்பளம் மாதிரி வழவழப்பாக இருக்கும், யூகலிப்டஸ் தோட்டம் சீவிவிட்டதுபோல ஒரே உயரத்தில் நிற்கும். நிறத்தை நம்பாதீர்கள், மேடுபள்ளத்தைப் பாருங்கள். லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் இலைப் பளபளப்பைக் குறைக்கும், ஆனால் 24 மி.மீ.யில் போட்டால் வானத்தில் கருநீலத் திட்டு விழும், 35-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசம் அதைவிட முக்கியம். மூணாறுக்குப் பெருமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. மலைக்குக் கிழக்கே சின்னார் மழைமறைவில் கிடப்பதால், அங்கே முக்கிய மழை அக்டோபரிலிருந்துதான். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் ஒரே நாளில் மேலேயும் கீழேயும் எடுத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மேலே மூடுபனியில் பாதி நாள் வீணாகும் என்பது வேறு விஷயம். சோலைக்கும் புல்லுக்கும் எல்லை பார்க்க ஜனவரிதான்: உறைபனியில் புல் கருகிப் பழுப்பாகும், சோலை கரும்பச்சையாகவே நிற்கும். மார்ச்சில் புகையும் மங்கலும் தூரத்தை விழுங்கிவிடும். மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடு குட்டி போடும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், மூடிவிடுவார்கள்.

கவாத்துக்கத்தி:
விளிம்பைப் படிக்க ஒரு குறிப்பு. கோடு மலைமடிப்போடு வளைந்து போனால் பெரும்பாலும் இயற்கை. நேராகப் போனால் மனிதர் போட்டது. சோலை மண்ணும் ஈரமும் தங்கும் மடிப்பில் ஒதுங்கும். வெளியே புல்லில் அதன் கன்று பனிக்கும் தீக்கும் தாங்குவது கஷ்டம். ஆகவே அடுத்த வருஷப் படத்தில் புல்மேட்டில் புதிதாகப் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால், "சோலை பரவுகிறது" என்று சந்தோஷப்படாதீர்கள், முதலில் வாட்டில் மரத்தை (புல்மேட்டில் பரவும் வெளிநாட்டு மரம்) சந்தேகப்படுங்கள். 70 மி.மீ.யில் அந்த இடத்தைத் தனியாக எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதே சமயம், பழைய வாட்டில் தோப்பின் நிழலில் சோலைக் கன்று முளைப்பதும் உண்டு. அது ரோட்டிலிருந்து எடுக்கும் எந்தப் படத்திலும் தெரியாது.

சோலைக்குருவி:
ரொம்ப நன்றி அண்ணே. கேமரா செட்டிங்?

உடுமலைவெயில்:
ரா ஃபைல், மேனுவல், ஐஎஸ்ஓ 100, எஃப்/8. எஃப்/16-க்குப் போனால் எல்லாம் லேசாகக் கலங்கும். வெள்ளைச் சமநிலையை ‘வெயில்’ என்று நிலையாக வையுங்கள். ஆட்டோவில் விட்டால் காய்ந்த புல்லைக்கூட ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நிறமாக்கிவிடும். ட்ரைபாடில் ஸ்டெபிலைசரை அணையுங்கள். காற்றில் புல் ஆடினால் 1/125-க்குக் கீழே இறங்காமல் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். கேமரா கடிகாரத்தைச் சரிபாருங்கள். நிழலை ஒப்பிட நேரம் வேண்டும். ட்ரோன் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சின்னாருக்குள் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன் வனத்துறையைக் கேளுங்கள், யானை நடமாடும் ரோடு.

இன்னொன்று: நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்து 2030. பூத்து விதைத்ததும் செடி செத்துவிடும். 2031-ல் சரிவு முழுக்கக் காய்ந்து கிடந்தால் தீ, வறட்சி என்று தலைப்பு போட்டுவிடாதீர்கள்.