மூளைக்காய்ச்சல் கிருமி, நெஞ்சுச் சளியில்

ஆய்வகப் பணியாளர்:
74 வயதுப் பெரியவர். பல வருடப் புகைப்பழக்கம், நான்கு நாள் காய்ச்சல், மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தல். நிமோனியா என்று சேர்த்திருந்தார்கள். மறுநாள் காலை, இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பாட்டிலை வைத்த கருவி ஒலி எழுப்பியது. கிருமியை நிறத்தால் பிரித்தறியும் கிராம் சாயமிட்டுப் பார்த்தால், இளஞ்சிவப்பில் ஜோடி ஜோடியாக, காப்பிக்கொட்டையின் இரு பாதிகள்போல. புகைபிடிக்கும் முதியவர் என்றதும் அவர்களின் நெஞ்சில் அடிக்கடி காணும் மொராக்செல்லா கிருமியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவுகட்டி, கிருமி வளர்த்த தட்டைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைக்காமல் திறந்த மேசையிலேயே கையாண்டேன். மொராக்செல்லா சர்க்கரைகளைத் தொடாது. இதுவோ குளுக்கோஸ், மால்டோஸ் இரண்டையும் அமிலமாக்கியிருந்தது. மெனிங்கோகாக்கஸ், மூளைக்காய்ச்சல் கிருமி! ஆய்வகத்திலேயே இது தொற்றி இறந்தவர்களைப் பற்றிப் படித்தவள் நான். அன்றே தடுப்பு மருந்தாக 500 மில்லிகிராம் சிப்ரோஃப்ளாக்சசின் விழுங்கிவிட்டு வார்டுக்கு ஓடினேன். பெரியவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூளைக்காய்ச்சலில் கழுத்து விறைத்துவிடும் என்பதால் கழுத்தை வளைக்கச் சொன்னோம். தாடை மார்பைத் தொட்டது. இந்தக் கிருமி இரத்தத்தில் பரவினால் தோன்றக்கூடிய செம்புள்ளி ஒன்றுகூட உடம்பில் கிடையாது.

வார்டு மருத்துவர்:
எனக்கு வாய்த்த நோயாளியின் கதை இதைவிடச் சங்கடம். இரத்தத்தில் எதுவும் வளரவில்லை, சளியில் மட்டும். நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பவர்களிலேயே ஏறக்குறையப் பத்தில் ஒருவரின் தொண்டையில் சும்மா குடியிருக்கிற கிருமி இது. நோய் என்பதா, குடித்தனம் என்பதா? சளியின் கண்ணாடிச் சில்லைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வெள்ளணுக்கள் நெருக்கியடித்து நிற்க, அவற்றின் வயிற்றுக்குள் அந்த ஜோடிகள். அதன் பிறகு இது நோய்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கிருமிக்கொல்லி மருந்தான செஃப்ட்ரியாக்சோன் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது, நோயாளி தேறிவிட்டார். தொற்றாமலிருக்கத் தடுப்பு மாத்திரை போட வீட்டாரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "அப்பாவுக்கு நெஞ்சுச் சளி, எங்களுக்கு எதற்கு டாக்டர் மாத்திரை?" என்று மகன் அரை மணி நேரம் வாதாடினார்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். மூளைக்காய்ச்சல் கிருமி என்ற பெயரே நம் கண்ணைக் கட்டிவிடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களிடையே இந்தக் கிருமியின் ஒய் (Y) வகை பரவியபோது 68 பேருக்கு நிமோனியா வந்தது, எல்லாரும் திடகாத்திரமானவர்கள். இப்போது பெரும்பாலும் முதியவர்களிடம்தான் பார்க்கிறோம். ஒய், டபிள்யூ (W) வகைகளுக்கு நுரையீரல்மீது தனிப் பிரியம் உண்டு. அந்த 74 வயதுக்காரருக்கு வகை பார்த்தீர்களா, அம்மா?

ஆய்வகப் பணியாளர்:
மாதிரியை வெளியே அனுப்பியிருந்தோம் ஐயா. முடிவு வருவதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். ஒய்தான்.