வாந்தி எடுத்ததும் நிம்மதி அடைந்தோம்

நாங்கள் செங்கோட்டையில் இருக்கிறோம். என் நாத்தனார் வீடு எல்லை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவில். மூன்று வருடத்துக்கு முன் திருவோணத்தன்று, அவர்களுடைய பக்கத்து வீட்டில் எங்களையும் சாப்பிட அழைத்திருந்தார்கள். மகளுக்கு அப்போது நாலு வயது. அடைப் பிரதமன் பாயசத்தில் மிதந்த அண்டிப்பருப்பை, அதாவது முந்திரியை, மட்டும் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்கினாள். "சத்தானதை எல்லாம் ஒதுக்கு" என்று திட்டிவிட்டு நானே இரண்டை எடுத்து ஊட்டினேன். இந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். மனம் ஒப்பவில்லை.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நாக்கை நீட்டிப் பாவாடை நுனியால் துடைத்தாள். "நாக்கில் முள் இருக்கிறதும்மா" என்றாள். உதட்டைச் சுற்றிச் சிவந்தது. கழுத்திலும் முதுகிலும் கொசு கடித்ததுபோலத் தடிப்புகள் எழும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து படர்ந்தன. என் மாமியார் பார்த்த உடனே "காணாக்கடி" என்றார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்தது என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள் நம் முன்னோர்! வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுத்தார். மென்றாள், வாந்தி எடுத்தாள். மறுபடியும் எடுத்தாள். "உள்ளே போனது வெளியே வந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று அத்தனை பேருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

பயப்பட வேண்டிய நேரமே அதுதான் என்று பிறகு டாக்டர் சொன்னார். தடிப்பு தோலோடு நின்றால் மருந்து கொடுத்துக் கவனித்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வாத பொருளைச் சாப்பிட்ட சற்று நேரத்தில் தடிப்போடு விடாத வாந்தியோ, மூச்சிரைப்போ, மயக்கமோ சேர்ந்துகொண்டால் அது உடம்பு முழுவதையும் பிடித்த ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. கைப்பையில் இருந்த செட்ரிசின் சிரப்பை நான் கொடுத்திருந்தேன். அது அரிப்பைத் தணிக்கும். அடைக்கிற தொண்டையைத் திறக்காது.

எங்களுக்கு அது தெரியாததால் அரை மணி நேரம் போயிற்று. இருமல் வந்தது, குரல் கம்மியது. பிறகு சத்தமே இல்லாமல் மடியில் சாய்ந்தாள். உண்ட மயக்கம் என்று நினைத்தேன். நாத்தனார்தான் "மதினி, பிள்ளை முகம் வெளுத்திருக்கிறது" என்று உலுக்கினார். ஜீப்பில் கிளம்பினோம். புளியரை எஸ் வளைவில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்த வளைவை இன்றைக்குக் கடந்தாலும் எனக்குக் கை வேர்க்கிறது. ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டர் எதையும் விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. பாவாடையை விலக்கித் தொடையின் வெளிப்பக்கம் ஊசியைப் போட்டார். பத்து நிமிடத்தில் "அம்மா, தண்ணி" என்றாள். அன்றிரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மறுபடி ஒன்றும் சாப்பிடாமலே சில மணி நேரம் கழித்து அந்த ஒவ்வாமை திரும்ப வரக்கூடுமாம்.

எல்லோர் வீட்டிலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறதா? எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் அப்பா

எங்கள் வீட்டில் கதை தலைகீழ். பையனுக்கு ஒன்றரை வயதில் முட்டை சாப்பிட்டுத் தடிப்பு வந்தது, அது உண்மை. ஆனால் யாரோ சொன்னார்கள் என்று ஒரு லேபில் நாற்பது பொருளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். முட்டை, கோதுமை, துவரை, பால், தக்காளி என்று பாதிக்கு மேல் சிவப்புக் குறி. அத்தனையும் நிறுத்தினோம். ஆறு மாதத்தில் பையன் இரண்டு கிலோ இளைத்தான். கோயம்புத்தூரில் ஒவ்வாமை டாக்டரிடம் போனபோது அவர் காகிதத்தைத் தொடக்கூட இல்லை. "இதில் எதையெல்லாம் முன்பு தொந்தரவில்லாமல் சாப்பிட்டான்?" என்று கேட்டார். முட்டையைத் தவிர எல்லாவற்றையும் என்றேன். "பிறகு ஏன் நிறுத்தினீர்கள்?"

ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது வேறு, சாப்பிட்டால் தொந்தரவு வருவது வேறு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்கும் இதேதான். அதற்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசின் போன்றவற்றை நிறுத்த வேண்டும். நாங்கள் நிறுத்தாமல் போய் ஒரு நடை வீண். முட்டையும் பாலும் சேராத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளர வளரச் சரியாகிவிடுகிறது. இவனுக்கு ஐந்து வயதில், ஆஸ்பத்திரியில் வைத்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இப்போது ஆம்லெட் கேட்டு அடம் பிடிக்கிறான்.

புனலூரிலிருந்து

என் அம்மா முப்பது வருடம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், கொட்டையின் தோட்டை (ஓட்டை) உடைத்தவர். தோட்டு எண்ணெய் பட்டுக் கையெல்லாம் கறுத்துத் தோல் உரியும். எங்களுக்கு "அண்டி அலர்ஜி" என்றால் அதுதான். அதனால் என் பேத்திக்குப் பருப்பைத் தின்று உதடு வீங்கியபோது, "தோல் போக வறுத்ததுதானே, ஒன்றும் செய்யாது" என்று அம்மா சாதித்தார். எண்ணெய் தோலைப் பொசுக்குவது ஒன்று, பருப்பிலுள்ள புரதம் சேராமல் போவது இன்னொன்று. வறுத்தாலும் புரதம் அங்கேயேதான் இருக்கும். செங்கோட்டை அம்மா, பிஸ்தாவைப் பற்றி உங்கள் டாக்டர் ஏதாவது சொன்னாரா?

மறுபடியும் செங்கோட்டை

சொன்னார், அக்கா. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம். ஒன்று சேராதவர்களில் பெரும்பாலோருக்கு மற்றதும் சேராதாம். பச்சை ஐஸ்கிரீமையும் நிறுத்திவிட்டோம். பயத்தில் வேர்க்கடலையையும் நிறுத்தியிருந்தேன். அது பயறு வகை. பரிசோதித்துப் பார்த்து, தாராளமாகக் கொடுங்கள் என்றார். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அலமாரிக்குத் திரும்பியது. முந்திரி மட்டும் வயதானால் போய்விடும் என்று நம்பி இருக்க வேண்டாம் என்றார்.

பேனாபோல் வெளிநாட்டில் விற்கும் அட்ரினலின் ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. டாக்டர் குப்பியும் சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, ஆரஞ்சுப் பழத்தில் எங்களைக் குத்திப் பழக வைத்தார். அளவு எடையைப் பொறுத்தது, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், எடை ஏறும்போது அவரே மாற்றி எழுதுகிறார். ஊசி போட்டதும் 108. அதுவரை பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். என்னைப்போல் தோளில் போட்டுக்கொண்டு ஓடக் கூடாது.

பாக்கெட் உணவென்றால் கொட்டை வகை இருப்பதை லேபிளில் போட்டாக வேண்டும். மிட்டாய்க் கடைத் தட்டுக்கும் கல்யாண வீட்டுக் குருமாவுக்கும் லேபிள் ஏது? வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும் குழம்பு எல்லாவற்றிலும் அரைத்த முந்திரி இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். சமையல்காரர் "ரொம்பக் கொஞ்சம்தான் அம்மா" என்பார். அதைக் கேட்டால்தான் எனக்கு அதிகம் பயம்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. போன வாரம் ஆரியங்காவில் யாரோ கிண்ணத்தை நீட்டினார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாங்கள் யாரும் சொல்லித் தராத மலையாளத்தில் கேட்டாள்: "இதில் அண்டிப்பரிப்பு உண்டோ?"