மாடி அறையில் விடியும்வரை சூடு: வெள்ளைப் பெயிண்டும் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டும் குறையவில்லை, வழி சொல்லுங்கள்

மாடிவீடு வேலூர் | ஏப்ரல் 20, இரவு 11:10

வணக்கம். கீழ்த்தளம் 2001இல் கட்டியது. 2009இல் மேலே 650 சதுர அடி எடுத்தோம். கையில் பணம் தீர்ந்துபோனதால் மொட்டை மாடியில் ஜல்லி சுண்ணாம்பும் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடும் அடுக்கு) போடவில்லை, தட்டோடும் பதிக்கவில்லை. 5 அங்குல கான்கிரீட், மேலே சிமெண்ட் பூச்சு, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு 74 வயது, மாடியில் 12க்கு 14 அறையில் படுக்கிறார். ஏசி காற்று பட்டால் மூட்டுவலி வந்துவிடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார். அணைத்த அரை மணியில் அறை பழையபடி ஆகிவிடுகிறது. இரவு 2 மணிக்கு எழுந்து ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு வருடம் முன்பு மாடியில் வெப்பத்தடுப்பு வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். முதல் கோடையில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது, இப்போது இல்லை. போன வருடம் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டோம். பகலில் பரவாயில்லை, இரவில் ஒரு மாற்றமும் இல்லை. மழைக்குப் பிறகு சீலிங் ஓரத்தில் பழுப்புக் கோடு வேறு விழுந்திருக்கிறது. 1.5 டன் ஏசி இருக்கிறது, 2 டன் மாற்றச் சொல்கிறார்கள். போன மே, ஜூன் பில்லே 780 யூனிட். என்ன செய்யலாம்?

கதிர் ஏசி சர்வீஸ் | ஏப்ரல் 21, காலை 7:40

அக்கா, அந்த அறைக்கு 1.5 டன் போதும். 2 டன் வாங்கிக் காசை விட்டுவிடாதீர்கள். ஏசி காற்றைத்தான் சீக்கிரம் குளிர வைக்கும். தளமும் சுவரும் சூடாகவே இருந்தால், அணைத்ததும் அது திரும்ப அறைக்குள்தான் இறங்கும். முதலில் தளத்தைப் பாருங்கள்.

தளம் பார்ப்பவர் திருச்சி | ஏப்ரல் 21, காலை 9:15

தம்பி சொல்வது சரி. கட்டட வேலையில் 22 வருடமாக இருக்கிறேன், ஜல்லி சுண்ணாம்பு இல்லாத மாடி என்றால் பாதிப் பேர் இதே புகாரோடுதான் வருகிறார்கள்.

எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள் அம்மா. தூரத்திலிருந்து காட்டினால் சூடு சொல்லும் இன்ஃப்ராரெட் வெப்பமானி எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும், இரவல் கிடைத்தாலும் போதும். மாடியில் ஓரிடத்தை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, மதியம் 2:30க்கு அந்த இடத்தையும் கழுவாத இடத்தையும் அளங்கள். இரவு 9 மணிக்கு ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றித் தளத்தின் அடிப்பக்கத்தையும் நான்கு சுவர்களையும் அளங்கள். பழுப்புக் கோடு எந்தச் சுவர் ஓரம் என்றும் சொல்லுங்கள்.

மாடிவீடு வேலூர் | ஏப்ரல் 23, இரவு 10:05

அளந்துவிட்டேன் சார். மதியம் கழுவாத இடம் 55 டிகிரி, கழுவிய இடம் 46. இரவு 9 மணிக்குத் தளத்தின் அடி 42, மேற்குச் சுவர் 38, மற்றவை 34, 35. பழுப்புக் கோடு மேற்குக் கைப்பிடிச் சுவருக்கு நேர் கீழே. மாடிக்குப் போய்ப் பார்த்தால் சுவரும் தளமும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல்.

தளம் பார்ப்பவர் திருச்சி | ஏப்ரல் 24, காலை 8:30

எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. பெயிண்ட் கெட்டுப்போகவில்லை, தூசியும் பாசியும் மூடியிருக்கிறது. வெள்ளை வெள்ளையாக இருந்தால்தான் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஞாயிற்றுக்கிழமையே முழுவதும் கழுவிவிடுங்கள். செலவில்லாத வேலை, பலன் மறுநாளே தெரியும்.

ஆனால் இரவுப் பிரச்சினை அதோடு தீராது. கான்கிரீட் பகல் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு பல மணி நேரம் கழித்து அடிப்பக்கம் விடுகிறது. இரவில் அப்பா தலைக்கு மேல் இருப்பது மதிய வெயில். சூடு தளத்துக்குள் ஏறிய பிறகு கீழே ஜிப்சம் பலகை கட்டினால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. தளம் மட்டும் தினமும் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கிக்கொண்டே இருக்கும். கைப்பிடிச் சுவர் ஓர விரிசலுக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அதனால் தடுப்பை மேலே போட வேண்டும்.

முதலில் விரிசலை வெட்டி அடைத்து, சுவரும் தளமும் சேரும் ஓரத்தில் கோலா (மூலையை வளைவாக மூடும் சிமெண்ட் பூச்சு) கட்டி, மாடி முழுக்க நீர்த்தடுப்புப் பூச வேண்டும். பிறகு இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பாருங்கள். ஒழுகவில்லை என்று தெரிந்தபின்தான் அடுத்த வேலை. ஒழுகும் தளத்தை மூடிவிட்டால் அப்புறம் எல்லாவற்றையும் உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அதன்மேல் 2 அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை. இது தண்ணீர் குடிக்காத, அழுத்தமான நுரைப் பலகை. 2 அங்குலமே சுமார் எட்டு அடி கனக் கான்கிரீட் அளவுக்குச் சூட்டை மறிக்கும். மேலே கோழி வலை வைத்து ஒன்றரை அங்குலக் கான்கிரீட், நீர்ப்போக்கிக்கு வாட்டம், கடைசியாக வெள்ளை ஓடு. ஈரத்தில் வழுக்காத சொரசொரப்பு ஓடாக வாங்குங்கள், அப்பா மாடி ஏறுவார் அல்லவா.

ஒரு கணக்கு சொல்கிறேன். வீடுகளுக்காக 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற மின்சிக்கனக் கட்டட விதி, கூரை வழியே சதுர மீட்டருக்கு, உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக் கூடாது என்கிறது. உங்களுடையதுபோன்ற வெறும் தளம் கிட்டத்தட்ட அதைப்போல மூன்று மடங்கு விடும். இந்தப் பலகை போட்டால் அந்த 1.2இல் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

பழைய முறையில் ஜல்லி சுண்ணாம்பும் நல்லதுதான், ஆனால் சதுர அடிக்கு 15 கிலோவுக்கு மேல் எடை ஏறும். பின்னால் எடுத்த மாடி என்பதால் இந்த இலகுவான முறையைச் சொல்கிறேன். இதற்கும் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

ஓசூர் செல்வி | ஏப்ரல் 24, மதியம் 1:20

பலகை விஷயத்தில் கவனம் அக்கா. எங்கள் மேஸ்திரி எக்ஸ்பிஎஸ் என்று சொல்லிவிட்டு, டிவி பெட்டியில் வரும் தெர்மாகோல் மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டார். ஒரே வருடத்தில் அமுங்கி ஓடு பெயர்ந்தது, முழுக்க உடைத்து எடுத்தோம். பிரித்துப் பார்த்தால் பலகை ஊறிப்போயிருந்தது. நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள்.

மதுரை மாடித்தோட்டம் | ஏப்ரல் 24, மாலை 6:45

மேற்குச் சுவருக்கு ஒரு யோசனை. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இரும்புக் குழாய் நட்டுப் பச்சை வலை கட்டிக் கோவைக்கொடி ஏற்றினோம். வெயில் சுவரைத் தொடுவதே இல்லை. சுவரோடு ஒட்டிக் கட்டாதீர்கள், நடுவில் காற்று ஓட வேண்டும்.

கதிர் ஏசி சர்வீஸ் | ஏப்ரல் 24, இரவு 9:30

மின்விசிறியையும் பாருங்கள் அக்கா. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் விசிறி 30 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கே 40 யூனிட் மிச்சம். நான்கு மாற்றினால் 160. நம் ஊரில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும், அந்தக் கோட்டுக்குக் கீழே வருவதுதான் பெரிய மிச்சம்.

மாடிவீடு வேலூர் | ஏப்ரல் 25, காலை 6:50

எல்லோருக்கும் நன்றி. சூரிய மின்தகடும் போடலாம் என்கிறார் என் தம்பி. பிரதமரின் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டாமே. அதை முதலில் செய்யட்டுமா?

தளம் பார்ப்பவர் திருச்சி | ஏப்ரல் 25, காலை 8:10

தகடு நிழலும் தரும், நல்லதுதான். ஆனால் தளம் முடிந்தபின் போடுங்கள். முதலில் போட்டுவிட்டால் அதன் கால்களுக்கு அடியில் நீர்த்தடுப்புச் செய்ய முடியாது. பின்னால் வந்து துளை போட்டால் செய்த நீர்த்தடுப்பு கெட்டுவிடும். எங்கே கால் வரும் என்று இப்போதே குறித்து, நீர்த்தடுப்புக்கு முன்னாலேயே சிறு கான்கிரீட் மேடைகள் கட்டிக்கொள்ளுங்கள்.

மாடிவீடு வேலூர் | ஜூன் 3, இரவு 10:40

தள வேலை மே 19இல் முடிந்தது. விசிறி நான்கும் மாற்றியாகிவிட்டது. இன்று மதியம் வெயில் கடுமை, ஆனாலும் இரவு 9 மணிக்குத் தளத்தின் அடி 35. மேற்குச் சுவர் இன்னும் 38தான், கோவைக்கொடி இப்போதுதான் முழங்கால் உயரம். அப்பா ஒன்பதரைக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தார். ஏசி போடவில்லை. இப்போது எட்டிப் பார்த்தேன், தூங்குகிறார்.